முயல் எழுந்து நடந்தது

19 வயதுப் பையன். நேற்று வரை ஒழுங்காகக் கல்லூரிக்குப் போய் வந்து கொண்டிருந்தவன். ஒரு நாள் அறைக் கதவைச் சாத்திக் கொள்கிறான். சோற்றில் எதையோ கலந்து விட்டார்கள் என்று தட்டைத் தள்ளுகிறான். எதிர் வீட்டுக்காரர் இருமினால், அது தன்னைப் பற்றி இன்னொருவருக்குக் கொடுக்கும் சமிக்ஞை என்கிறான். டெலிவிஷனில் செய்தி வாசிக்கிற அம்மாள் தன்னைத்தான் ஜாடையாகப் பேசுகிறாள் என்கிறான். ஆள் இல்லாத அறையில் யாருடனோ வாதாடுகிறான்.

இப்படி ஒரு வீடு உங்கள் உறவிலோ, தெருவிலோ இருக்கத்தான் இருக்கும். எந்தத் தேசத்தை எடுத்துக் கொண்டாலும், ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த வியாதி வருகிறது. டாக்டர்கள் ஸ்கிஸோபிரேனியா என்கிறார்கள். மனச்சிதைவு என்று தமிழில் சொல்கிறோம். சித்தப்பிரமை வகையைச் சேர்ந்த வியாதிகளில் இதுதான் பெரியது.

அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பாட்டி செய்வினை என்பாள். பெரியப்பா ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு வருவார். அத்தை இருக்கிறாளே, அவள் நேராக விஷயத்துக்கு வந்து விடுவாள்: "ஒரே பிள்ளை, ஒரே பிள்ளை என்று நீ வளர்த்த லட்சணம்தான் இது!" எல்லோரும் சாட்சி சொல்லி முடிக்கும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் பெரும்பாலும் பெற்ற தாயாகத்தான் இருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், மெத்தப் படித்த டாக்டர்களே ஒரு காலத்தில் அந்த அத்தையின் கட்சியில் இருந்தார்கள்! அதைப் பிற்பாடு சொல்கிறேன். முதலில் ஸ்வீடன் தேசத்து முயல் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்த முயலின் கதை ஆரம்பமாவது நம் நாட்டில்தான்.

ஸர்ப்பகந்தி என்று ஒரு செடி உண்டு. அதன் வேரைத் தூக்கமில்லாதவர்களுக்கும், சித்தம் கலங்கியவர்களுக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு டாக்டர்கள், 'இந்த வேர் ரத்தக் கொதிப்பைத் தணிக்கிறது. புத்தி பேதலித்தவர்களையும் அமைதிப்படுத்துகிறது' என்று எழுதினார்கள். மேல்நாட்டார் இருபது வருஷம் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் அந்த வேரிலிருந்து 'ரெஸர்ப்பின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் அங்கேயுள்ள மனநோய் ஆஸ்பத்திரிகளில் அது நுழைந்தது.

1957-ல் ஸ்வீடனில் லுண்டு என்ற ஊரில் ஆர்விட் கார்ல்ஸன் என்ற விஞ்ஞானி இந்த ரெஸர்ப்பினை முயல்களுக்கு ஊசி மூலம் ஏற்றினார். துள்ளிக் கொண்டிருந்த முயல்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்து விட்டன. பிறகு 'டோபா' என்ற இன்னொரு பொருளை ஏற்றினார். சற்று நேரந்தான். முயல்கள் விழித்துக் கொண்டு எழுந்து நடந்தன!

இதில் என்ன பிரமாதம் என்கிறீர்களா? மூளைக்குள் போன டோபா, அங்கே 'டோபமைன்' என்ற ரசாயனமாக மாறுகிறது. அந்த டோபமைனை அதுவரை யாரும் மதித்ததே இல்லை. வேறொரு ரசாயனம் தயாராகிற வழியில் வரும் சின்ன ஸ்டேஷன், மெயில் நிற்காத ஸ்டேஷன் என்றுதான் நினைத்திருந்தார்கள். கார்ல்ஸன், 'இல்லை, இதுவே ஒரு ஜங்ஷன்' என்றார். ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கொண்டு போகும் தூதுவன் டோபமைன். ரெஸர்ப்பின் அந்தத் தூதுவர்களை மூளையிலிருந்து காலி செய்தது, டோபா மறுபடி நிரப்பியது என்பது அவர் வாதம். 1960-ல் லண்டனில் கூடிய நிபுணர்கள் நம்ப மறுத்தார்கள். ஆனால் 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது வருஷம் பொறுமையாக இருந்தால் சில சமயம் நியாயம் கிடைக்கிறது!

டோபா நமக்கு அன்னியமான சரக்கு அல்ல. கிராமத்துப் பையன்கள் அடுத்தவன் முதுகில் தேய்த்துவிட்டு ஓடுவார்களே, பூனைக்காலி, அதன் விதையில் இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அதற்காக யாரும் பூனைக்காலி விதையை இடித்துக் கொடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். சித்தப்பிரமை உள்ளவருக்கு டோபா கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். ஏன் என்று சொல்கிறேன்.

கார்ல்ஸனின் முயல்களுக்கு ஐந்து வருஷம் முன்பே, 1952-ல், பாரிஸில் ஸாந்த் ஆன் ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியர் டெனிகர் என்ற டாக்டர்கள் 'குளோர்புரோமஸின்' என்ற புது மருந்தைச் சித்தப்பிரமை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக் கணக்கில் கூச்சலிட்டுக் கொண்டிருந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மருந்து வேலை செய்தது. எப்படிச் செய்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

1963-ல் கார்ல்ஸனும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட் என்ற அவருடைய சகாவும் அந்த மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, மூளையில் டோபமைன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். டோபமைன் குறையவில்லை. ஆனால் அது செலவாகி உடைந்து போன பிறகு மிஞ்சும் கழிவு மட்டும் கூடியிருந்தது. விசித்திரமான கணக்கு அல்லவா? கார்ல்ஸன் அதற்குச் சொன்ன அர்த்தம் அழகானது. வீட்டு வாசலில் உள்ள தபால் பெட்டியை ஒருவர் பூட்டி விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பதில் வராததால், 'கடிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது' என்று அனுப்புகிறவர் இன்னும் நாலு கடிதம் எழுதுவார். எல்லாம் குப்பையில்தான் சேரும். மருந்து செய்வதும் அதுவே: டோபமைன் வந்து சேரும் வாசலை அது அடைத்து விடுகிறது. குப்பைக் கூடையைக் கிளறி வீட்டுக்குள் நடப்பதைக் கண்டுபிடித்த துப்பறியும் கதை இது. 1975-ல் கனடாவில் பிலிப் ஸீமன் அந்த வாசலையே நேரில் அடையாளம் காட்டினார். டி-2 என்று அதற்குப் பெயர்.

அப்படியானால் வியாதிக்காரரின் மூளையில் நடப்பது என்ன? மூளையின் உட்பகுதி ஒன்றில் டோபமைன் அளவுக்கு மீறித் தயாராகி வெளியாகிறது என்று இப்போது படம் பிடித்தே பார்க்கிறார்கள். டோபமைனுக்கு ஒரு முக்கியமான வேலை, 'இது கவனிக்க வேண்டிய சங்கதி' என்று முத்திரை குத்துவது. பசியுள்ளவனுக்குச் சாம்பார் வாசனை, தாயாருக்குக் குழந்தையின் சிணுங்கல். முத்திரை குத்துகிறவன் நிதானம் இழந்து கண்ட காகிதத்தின் மேலெல்லாம் குத்த ஆரம்பித்தால்? எதிர் வீட்டுக்காரரின் இருமலிலும் 'அவசரம்' என்ற முத்திரை விழும். அப்புறம் அந்த இருமலுக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிக்காமல் மனசு எப்படிச் சும்மா இருக்கும்? ஷிதிஜ் கபூர் என்ற இந்திய டாக்டர் 2003-ல் கனடாவிலிருந்து எழுதிய விளக்கம் இது. நோயாளியிடம், "எதிர் வீட்டுக்காரர் சும்மாதானப்பா இருமினார்" என்று மணிக் கணக்கில் வாதாடுவது ஏன் பயன்படுவதில்லை என்று இப்போது புரிகிறதல்லவா?

இனி அந்தக் கழிவு விஷயத்துக்கு வருவோம். வேலை முடிந்த டோபமைனை மூளை உடனே உடைத்து அப்புறப்படுத்துகிறது. கடைசியில் மிஞ்சுவது ஹோமோவனிலிக் அமிலம் என்ற பொருள். ஐஸ்கிரீமில் போடும் வனிலா வாசனைக்கு அது தூரத்து உறவு! முதுகெலும்புக்குள் ஓடும் நீரில் அது கலந்து வருகிறது. இடுப்புக்கு மேலே ஊசியால் குத்திக் கொஞ்சம் நீரை எடுத்து அளந்தால், மூளைத் தபால் இலாகாவின் சுறுசுறுப்பு ஓரளவுக்குத் தெரியும். ஸ்வீடன்காரர்கள் இதைப் பல வருஷம் பொறுமையாகச் செய்தார்கள். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறியது. 1980-ல் ஸ்டாக்ஹோமில் கோரன் ஸெட்வாலும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆராய்ச்சியில், கழிவின் அளவு மிகக் கூடியோ மிகக் குறைந்தோ இருந்த நோயாளிகளின் குடும்பங்களில்தான் இந்த வியாதி அதிகம் தென்பட்டது. அப்படியானால் டோபமைன் கணக்கு பரம்பரையாக வருகிறதோ?

ஒரு வழியில் வருவது உண்மைதான். டோபமைனை உடைக்கும் வேலையாள்களில் ஒருவனுக்கு 'காம்ட்' என்று சுருக்கப் பெயர். 1957-ல் அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் அவனைக் கண்டுபிடித்தார். அவனை உண்டாக்கும் ஜீன் 22-ஆவது குரோமோஸோமில் இருக்கிறது. அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்து சிலருக்கு ஒரு மாதிரி, சிலருக்கு வேறு மாதிரி. ஒரு மாதிரி இருந்தால் வேலையாள் சுறுசுறுப்பு. டோபமைன் சீக்கிரம் காலி. இன்னொரு மாதிரி இருந்தால் ஆசாமி நிதானம். டோபமைன் சற்று நேரம் தங்கும். இரண்டுமே சாதாரண ஜனங்களிடம் சர்வ சாதாரணமாக உள்ளவை. உங்களுக்கு ஒன்று, உங்கள் நாத்தனாருக்கு ஒன்று இருக்கலாம்.

2001-ல் அமெரிக்காவில் டேனியல் வைன்பெர்கர் கோஷ்டியார், சுறுசுறுப்பு வகை உள்ளவர்கள் சீட்டுகளை விதி மாற்றி மாற்றி அடுக்கும் ஒரு பரீட்சையில் கொஞ்சம் பின்தங்குகிறார்கள் என்று கண்டார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைக்குத்தான் அந்தப் பரீட்சை. 'ஆகா, சித்தப்பிரமையின் ஜீன் அகப்பட்டது' என்று பத்திரிகைகள் மேளம் கொட்டின. பிறகு ஆயிரக் கணக்கானவர்களை வைத்துப் பார்த்தபோது, அந்த ஓர் எழுத்துக்கும் வியாதிக்கும் சொல்லும்படியான சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. மேளம் கொட்டியவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து விட்டார்கள்.

2014-ல் பல தேசத்து விஞ்ஞானிகள் ஒன்று சேர்ந்து, ஏறக்குறைய 37,000 நோயாளிகளின் ஜீன்களை ஆராய்ந்தார்கள். வியாதியோடு தொடர்புள்ள 108 இடங்கள் அகப்பட்டன. 2022-ல் அது 287 இடங்களாயிற்று. ஒவ்வொன்றின் பங்கும் எள்ளளவுதான். ஆனால் அந்த 108-ல் ஓர் இடம் எது தெரியுமா? டி-2 வாசலின் ஜீன்! மருந்தைப் பின்தொடர்ந்து கார்ல்ஸன் 1963-ல் எந்த வாசலுக்குப் போனாரோ, அதே வாசலுக்குப் பரம்பரையைப் பின்தொடர்ந்தவர்களும் 51 வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

இப்போது தாயார் விஷயம். பரம்பரைப் பேச்சு ஒரு காலத்தில் ரத்தக் கறை படிந்த பேச்சாக இருந்தது. 1933-ல் ஹிட்லர் அரசாங்கம் இந்த நோயாளிகளை மலடாக்கச் சட்டம் செய்தது. 1940, 41-ல் மன நோயாளிகளும் ஊனமுற்றவர்களுமாக 70,000 பேருக்கு மேல் விஷப் புகை அறைகளில் கொன்றது. யுத்தம் முடிந்த பிறகு, பரம்பரை என்ற வார்த்தையே டாக்டர்களுக்குக் கசந்தது. பழியைப் போட வேறு ஆள் வேண்டுமே? 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற டாக்டர் அம்மாள், அன்பில்லாத தாயார் வளர்த்த பிள்ளைக்கே இந்த வியாதி வருகிறது என்ற கருத்தை எழுத்தில் வைத்தார். 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற பட்டம் கிளம்பியது. அமெரிக்காவில் எத்தனையோ தாய்மார்கள், பிள்ளை கெட்ட துக்கம் போதாதென்று, இந்தப் பட்டத்தையும் சுமந்து கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

1966-ல் லெனார்ட் ஹெஸ்டன் என்பவர் ஒரு காரியம் செய்தார். ஆரகன் மாகாணத்து மனநோய் ஆஸ்பத்திரிகளில் இந்த வியாதியுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 குழந்தைகளைத் தேடிப் பிடித்தார். அதற்குள் அவர்கள் பெரியவர்களாகி விட்டிருந்தார்கள். வியாதியில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து, அதே மாதிரி பிரிந்து வளர்ந்த 50 பேரையும் பார்த்தார். அந்த 50 பேரில் ஒருவருக்கும் மனச்சிதைவு இல்லை. 47 பேரில் 5 பேருக்கு இருந்தது. தாயின் முகத்தையே பார்த்து வளராத பிள்ளைகளுக்கு, தாயின் வளர்ப்பு எப்படி வியாதியைக் கொடுக்கும்?

ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 47 பேரில் 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை. முழுக்க முழுக்க ஜீன்தான் என்றால், ஒரே அச்சான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். ஆனால் மற்றவருக்குப் பாதிப் பேருக்குக் கூட வருவதில்லை. கர்ப்ப காலக் கோளாறு, பிரசவச் சிக்கல், இளம் வயதில் கஞ்சா, இப்படிப் பல சரக்குகள் சேர்ந்து வந்தால்தான் வியாதி.

'பெண் நன்றாக இருக்கிறாள், படித்திருக்கிறாள். ஆனால் அவள் அண்ணனுக்கு இந்த வியாதியாம். சம்பந்தம் செய்யலாமா?' என்பது பல வீடுகளில் கதவைச் சாத்திக் கொண்டு பேசப்படும் கேள்வி. பல குடும்பங்களைப் பார்த்துச் சேர்த்த கணக்கு இருக்கிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால், 100-ல் சுமார் 9 பேருக்கு வருகிறது. வியாதி பெரும்பாலும் 30 வயதுக்குள் தலைகாட்டி விடுவதால், 27, 28 வயது வரை நன்றாக இருக்கும் பெண்ணுக்கு அந்த 9-ம் இன்னும் குறைவு. அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அதாவது நோயாளி தாய்மாமனாக இருக்கும் பிள்ளைகளுக்கு, 100-ல் சுமார் 4. சர்க்கரை வியாதியுள்ள குடும்பத்தில் சம்பந்தம் செய்ய நாம் இவ்வளவு யோசிக்கிறோமா, சொல்லுங்கள்! என் அபிப்பிராயம்: தாராளமாகச் செய்யலாம். மறைத்துச் செய்வதைத்தான் நான் ஒப்ப மாட்டேன். வியாதியுள்ள பையனுக்கே 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண்ணைக் கட்டி வைக்கிறார்களே, அது வைத்தியமும் அல்ல, தர்மமும் அல்ல.

ரத்தத்தை எடுத்து ஜீனைப் பார்த்து, வருமா வராதா என்று சொல்ல முடியாதா? முடியாது. முதுகு நீரைப் பார்த்தும் முடியாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: 22-ஆவது குரோமோஸோமில் ஒரு சிறு துண்டே இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. இருதயக் கோளாறு, அண்ணப் பிளவு போன்றவை கூடவே வரும். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பெரியவரானதும் சித்தப்பிரமை வருகிறது. காம்ட் ஜீனும் அந்தக் காணாமற் போன துண்டில்தான் இருக்கிறது. இதைப் பரிசோதனையில் கண்டு கொள்ளலாம்.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ரத்தம்தான். நம்மவர் கணக்கு என்ன என்று கேட்பதும் நியாயம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம், ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 3,000 பேருக்கு மேல் ஆராய்ந்தது. 2019-ல் முடிவு வெளியாயிற்று. நியாஸின் என்ற பி-3 வைட்டமினை உடல் பயன்படுத்துவதில் சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் அகப்பட்டது. மக்காச்சோளத்தையே நம்பி இருந்த ஏழைகளுக்கு நியாஸின் குறைவால் பெலக்ரா என்ற வியாதி வந்து, தோல் கறுத்து, கடைசியில் புத்தியும் கலங்கியது பழைய கதை. அதனால் இது யோசிக்க வைக்கிற முடிவு. வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மனச்சிதைவு போய்விடும் என்று மட்டும் இதற்கு அர்த்தம் செய்து கொள்ளாதீர்கள்.

போகப் போகிற மாத்திரை டாக்டர் கொடுக்கிற மாத்திரைதான். சினிமாவில் கதாநாயகிக்கு அதிர்ச்சியில் பைத்தியம் பிடிக்கும். பழைய பாட்டு ஒன்றைக் கேட்டதும் தெளிந்து விடும். நிஜத்தில் தெளிவு வாரக் கணக்கில், மாசக் கணக்கில் வருகிறது. வந்ததும் வீட்டார் செய்யும் முதல் காரியம், 'இன்னும் எதற்கு மாத்திரை?' என்று நிறுத்துவது. 65 பரிசோதனைகளைத் தொகுத்து 2012-ல் வெளியான கணக்கைக் கேளுங்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் 100-க்கு 27 பேருக்கு வியாதி திரும்பியது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 64 பேருக்குத் திரும்பியது.

மாத்திரையால் தொந்தரவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு விறைக்கும், கை நடுங்கும். ஏன்? அந்த முயலை நினைத்துக் கொள்ளுங்கள். கை காலை அசைக்கவும் டோபமைன்தான் வேண்டும். அந்த வாசலும் சேர்ந்து அடைபடுகிறது. புது மாத்திரைகளில் இது குறைவு, ஆனால் சிலதில் உடம்பு பெருக்கும். மருந்தைக் கல்லீரல் உடைக்கும் வேகமும் ஜீனுக்கு ஜீன் மாறுவதால், ஒருவருக்கு ஒத்துக் கொண்ட அளவு இன்னொருவரைப் படுக்கையில் தள்ளலாம். ஆகவே டாக்டர் அளவை மாற்றினால், 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று ஊரெல்லாம் டாக்டர் தேடி அலையாதீர்கள். டோபமைன் வாசலைத் தொடாமல் வேறு வாசல் வழியாக வேலை செய்யும் ஒரு மருந்துக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

பாரிஸ் மருந்து வந்து 49 வருஷம் கழித்து, 2001 ஆகஸ்டு 6-ல், ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ன் மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

டாக்டரிடம் போனதும், "குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்பார். உடனே, "எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்று சொல்லி விடாதீர்கள். சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவர், காசிக்குப் போய்விட்டார் என்று சொல்கிறார்களே ஒரு சித்தப்பா, கொல்லைப்புற அறையிலேயே இருந்து காலமான ஓர் அத்தைப் பாட்டி, இவர்களையும் ஞாபகப்படுத்திக் கொண்டு, ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். பையன் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அதன் கீழேயே எழுதிக் கொள்ளுங்கள்.